நாற்பத்தேழாம் நம்பரின் தகுதி

வெள்ளைப்பாறை எஸ்டேட் தொழிலாளர் ஒற்றுமைச் சங்கத்தில் ஜனநாயகத்துக்கு எந்தக் குறையும் கிடையாது. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை தவறாமல் தேர்தல் அறிவிப்பார்கள். தவறாமல் வேட்புமனு வாங்குவார்கள். தவறாமல் தகுதி ஆய்வுக் குழு உட்காரும். குழு எழுந்திருக்கும்போது களத்தில் பொன்னுவேல் ஒருவர்தான் மிச்சமிருப்பார். இருபத்தொரு வருஷமாக அவர்தான் தலைவர். இதில் அவருக்கே வருத்தம் உண்டு என்பதை ஒவ்வொரு ஏற்புரையிலும் சொல்லியிருக்கிறார்.

"என்னை எதுத்து நிக்கறதுக்குத் தகுதியான ஆளு ஒருத்தர் வர மாட்டாரான்னு நானும் ஏங்கிட்டுத்தான் இருக்கேனுங்க. ஆனா ஒண்ணு. தகுதியில மட்டும் நம்ம சங்கத்துல சமரசம் கெடையாதுங்க."

சமரசம் இல்லை என்பது உண்மைதான். ஒரு வருஷம் செல்லப்பன் மனுப் போட்டான். வருஷத்தில் இருநூற்று நாற்பது நாள் வேலை பார்த்தவன்தான் நிற்கலாம் என்பது விதி. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குச் சங்கமே போராடி வாங்கிக் கொடுத்த ஒரு நாள் லீவில் அவனும் மலை உச்சிக்குப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வந்தான். அந்த ஒரு நாளைக் கழித்ததில் இருநூற்று முப்பத்தொன்பது வந்தது. இன்னொரு வருஷம் சின்னையன். கங்காணிக்குக் காய்ச்சல் வந்தபோது ஒன்பது நாள் அவருக்குப் பதிலாக நின்று வேலை வாங்கியிருந்தான். ஆகவே அவன் நிர்வாகத் தரப்பு என்று குழு முடிவு செய்தது. அன்றையிலிருந்து தொழிலாளிகள் அவனோடு பேசுவதை நிறுத்தினார்கள். நிர்வாகத்துக்கு அவன் யாரென்றே தெரியவில்லை. மூன்று மாதம் எந்தத் தரப்பும் இல்லாமல் இருந்து பார்த்துவிட்டு, ஒரு நாள் மலையிறங்கிப் போனான். குப்பனூர்ப் பக்கம் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அவரும் பிறகு அப்படிச் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டார்.

மாதையன் கதையும் உண்டு. சில்வர் ஓக் மரத்தில் ஏணி போட்டு மிளகு பறித்துக்கொண்டிருந்தவன், தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டான். தீவிரப் பணியில் இல்லாதவர் என்று அவன் போட்டிருந்த மனு தள்ளுபடியானது. அதே கூட்டத்தில் அவன் விரைவில் குணமடைய வேண்டும் என்று தீர்மானமும் போட்டார்கள். தீர்மானத்தை மாதையன் நிறைவேற்றவில்லை. ஆறு வருஷமாகப் படுத்தேதான் இருக்கிறான்.

பொன்னுவேலுக்கு மட்டும் தகுதி எப்படி என்று கேட்கலாம். இருபத்தொரு வருஷமாக அவர் காப்பிப் பழத்தைத் தொட்டதில்லை. ஆனால் பதினான்காம் விதி, சங்கப் பணியில் செலவான நாளைப் பழம் பறித்த நாளாகக் கொள்ள வேண்டும் என்கிறது. சங்கப் பணிக்கு லீவே கிடையாது. ஆக, எஸ்டேட்டில் அவரைவிட அதிகம் பழம் பறித்தவர் யாருமில்லை.

இந்தச் சங்கத்தில்தான் தொண்ணூற்றெட்டாம் வருஷம் மாதையன் பெண்டாட்டி ஆராயி தலைவர் பதவிக்கு மனுப் போட்டாள்.

அவளுக்குத் தலைவராகும் ஆசையெல்லாம் இல்லை. அவள் குடியிருந்தது கீழ் லயனில், ஒன்பதாம் நம்பர் வீடு. இரண்டு வரிசையாக இருபத்தாறு வீடுகள். வாசலில் நின்றால் கீழே சேலம் முழுவதும் தெரியும். ஐம்பது வருஷமாக அதைப் பார்க்க அங்கே யாருக்கும் நேரமிருந்ததில்லை. இப்போது அதைப் பார்ப்பதற்கென்றே வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று நிர்வாகத்துக்குத் தெரிந்துபோனது. லயனை இடித்து டூரிஸ்டுகளுக்குக் காட்டேஜ் கட்டப் போகிறார்கள். தொழிலாளிகளுக்கு மலையடிவாரத்தில் குப்பனூருக்கு அப்பால் தகரக் கொட்டகை. காலையில் முதல் பஸ் பிடித்து வேலைக்கு வந்துவிடலாம். சங்கத்தோடு பேச்சுவார்த்தை சுமுகமாக முடிந்தது, புதுத் தலைவர் ஒப்பமிட வேண்டியது மட்டும் பாக்கி என்று போர்டில் ஒட்டியிருந்தார்கள்.

இடுப்பு முறிந்தவனைத் தகரத்துக்கு அடியில் போட்டுவிட்டு விடியும் முன்னே பஸ் ஏற ஆராயியால் முடியாது. பக்கத்து வீட்டு ஜெயமேரிதான் யோசனை சொன்னாள்.

"கையெழுத்துப் போடறது தலைவர்தானுங்களேக்கா. நீங்க தலைவராயிட்டா போட வேண்டாமில்ல? லயன்ல அத்தனை பேரும் உங்களுக்குத்தான் ஓட்டுப் போடுவோம்."

கட்டிலில் இருந்த மாதையன் கூரையைப் பார்த்தபடி சொன்னான்: "வேண்டாம் புள்ள. அவுங்க நம்மள அடிக்க மாட்டாங்க, வைய மாட்டாங்க. தகுதி பாப்பாங்க."

ஆராயி கேட்கவில்லை. டவுனில் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே இருந்த சங்க ஆபீசுக்கு ஒரு திங்கட்கிழமை போனாள். பொன்னுவேல் எழுந்து நின்று வரவேற்றார். டீ வாங்கி வரச் சொன்னார். தானே மனுவை நிரப்பினார்.

"வா கண்ணு. ஒரு பொம்பளை முன்னால வந்திருக்கறத நெனச்சா எனக்கு நொம்பச் சந்தோசமா இருக்குது. செக்ரோல் நம்பர் சொல்லு சாமி."

"நாப்பத்தேழுங்க."

எழுதிக்கொண்டிருந்தவர் ஒரு நிமிஷம் நிறுத்தினார். பிறகு மெதுவாக, அழகாக, நாற்பத்தேழு என்று எழுதினார். டீயைக் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று வற்புறுத்தினார்.

செக்ரோல் என்பது தினமும் ஆள் பெயர் எழுதும் பெரிய நோட்டு. ரைட்டர் மரியஅந்தோணி காலையில் அதை விரித்துப் பெயர் கூப்பிடுவார். வந்தவர்கள் 'இருக்கேனுங்க' என்பார்கள். அந்த நோட்டில் நாற்பத்தேழாம் நம்பருக்கு நேரே இருந்தது ஆராயியின் பெயர் இல்லை. மாதையனின் தாய் கண்ணாயியின் பெயர். கண்ணாயி செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. அவள் காரியம் முடிந்த மறுநாள் ஆராயி வேலை கேட்டுப் போனபோது ரைட்டர் சொன்னார், "புதுசா ஒரு பேரை ஏத்தோணும்னா மேல ஆயிரம் கேள்வி கேப்பாங்கம்மா. நம்பர் ஒண்ணு சும்மாதான் கெடக்குது. நாளைக்கு வந்து நில்லு." மாரமங்கலத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், மழைக்கும் பனிக்கும் போர்த்தும் மாமியாரின் கொங்காணியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டதுபோல மாமியாரின் நம்பரையும் எடுத்துக்கொண்டாள். எஸ்டேட்டில் இது யாரும் கவனிக்காத வழக்கம். தாய்க்குப் பதில் மகள் வருவாள், அக்காவுக்குப் பதில் தங்கை வருவாள். நம்பர் மட்டும் சாகாது. ஜெயமேரிகூட அவள் அக்கா இன்பமேரி பெயரில்தான் பழம் பறித்துக்கொண்டிருந்தாள். இன்பமேரி திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய் ஏழு வருஷம்.

தகுதி ஆய்வுக் குழு சங்க ஆபீசில் கூடியது. தேர்தல் அதிகாரி பாலசுப்பிரமணியம் சேலத்தில் ஏதோ ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். யாரையும் கடிந்து பேசாத மனிதர். சீல் வைக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வார். அவர் மேஜையில் செக்ரோல் விரிந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி பஸ் ஸ்டாண்டை மறைத்திருந்தது.

"நாப்பத்தேழாம் நம்பர் போன வருசம் இருநூத்தி எழுவத்தோரு நாள் வேலைக்கு வந்திருக்குதுங்க. பிரமாதமான தகுதி" என்றார்.

"நாந்தானுங்க வந்தேன்."

"இதுல நீங்க எங்க இருக்கீங்க? காட்டுங்க பாக்கலாம்."

நோட்டை அவள் பக்கம் திருப்பினார். ஆராயிக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் வெகுநேரம் பார்த்தாள். பிறகு சுவரோரம் நின்ற மரியஅந்தோணியைப் பார்த்தாள்.

"ரைட்டரய்யா, நீங்க சொல்லுங்க. பதினோரு வருசமா தெனமும் என்ற மூஞ்சியப் பாத்துட்டுத்தானுங்களே எழுதறீங்க."

மரியஅந்தோணி உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "நான் மூஞ்சிய எழுதறதில்லம்மா. நம்பரைத்தான் எழுதறேன்."

குழு பதினைந்து நிமிஷம் ஆலோசித்தது. ஆராயி என்பவர் இந்த எஸ்டேட்டில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை, ஆகவே அவருக்குத் தகுதி இல்லை. ஆனால் மனுவில் கண்ட நாற்பத்தேழாம் நம்பருக்கு எல்லாத் தகுதியும் இருக்கிறது, ஆகவே மனுவைத் தள்ள முடியாது. மனு கண்ணாயியின் பெயரில் நிற்கும். இப்படிச் சீல் வைத்தார்கள்.

"அவுங்க செத்துப் போயிட்டாங்க சாமி" என்றாள் ஆராயி.

"அது வாய்ச்சொல்லுங்க" என்றார் பாலசுப்பிரமணியம் வருத்தத்தோடு. "நோட்டுப்படி நேத்தும் வேலைக்கு வந்திருக்காங்க. செத்தவங்க வர மாட்டாங்க இல்லீங்களா? இருந்தாலும் ஒருதலைப்பட்சமா முடிவெடுத்தோம்னு நாளைக்குப் பேர் வரக்கூடாது. நேர்ல போய் விசாரிச்சிருவோம்."

மறுநாள் காலை பதினொரு மணிக்கு, பொன்னுவேல் முன்னே நடக்க, குழு எஸ்டேட்டின் கடைக்கோடியில் இருந்த இடுகாட்டுக்குப் போனது. லயன் ஜனமும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றது. கண்ணாயியைப் புதைத்த இடத்தில் ஒரு கல் இருந்தது. கண்ணாயி விசாரணைக்கு ஆஜராக வேண்டும் என்ற நோட்டீசை அதில் பசை தடவி ஒட்டினார்கள். விதிப்படி பத்து நிமிஷம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருந்தார்கள். பனி இறங்கிப் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் பொன்னுவேல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மரியஅந்தோணியைக் கூப்பிடச் சொன்னார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தினமும் காலையில் கூப்பிடும் அதே குரலில் கூப்பிட்டார்.

"நாப்பத்தேழு, கண்ணாயி."

பதிலில்லை.

"நாப்பத்தேழு, கண்ணாயி."

பதிலில்லை. குழுவில் ஒருவர் எழுதிக்கொண்டார்.

"நாப்பத்தேழு, கண்ணாயி."

"இருக்கேனுங்க" என்றாள் ஆராயி.

சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. பதினோரு வருஷமாகக் காலையில் அந்தப் பெயருக்குப் பதில் சொல்லாவிட்டால் அன்றைய கூலி போய்விடும். அவள் புத்தி சும்மா இருந்தது, வாய்தான் பழக்கத்தில் வேலைக்கு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். பாலசுப்பிரமணியம் நிம்மதியாக மூச்சுவிட்டார். 'வேட்பாளர் கண்ணாயி மூன்றாம் அழைப்பில் ஆஜரானார். வேட்புமனுவுக்கு ஆட்சேபணை தெரிவிக்கவில்லை' என்று எழுதி, நின்றபடியே கண்ணை மூடிச் சீல் வைத்தார்.

அன்று மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் கீழ் லயன் பெண்கள் ஒன்பதாம் நம்பர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். யாரும் உள்ளே வரவில்லை. ஜெயமேரிதான் பேசினாள்.

"தலைவர் ஒரு லிஸ்டு எடுத்து வெச்சிருக்காருங்க. மத்தவங்க நம்பர்ல வேலை பாக்கறவங்க லிஸ்டு. முப்பத்தோரு பேருங்க. அடுத்து ஒவ்வொருத்தரா தகுதி பாக்கட்டுமான்னு சிரிச்சிட்டே கேட்டாரு. அக்கா, மனுவ வாபஸ் வாங்கிருங்க."

"நீதான்டி நிக்கச் சொன்ன."

"ஆமாங்க. தெரியாம சொல்லிட்டேன்."

ஆராயி மறுநாளே சங்க ஆபீசுக்குப் போனாள். மனுவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், எனக்கு ஒன்றும் வேண்டாம் என்றாள். பாலசுப்பிரமணியம் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"உங்க மனு ஏற்கெனவே தள்ளுபடி ஆயிருச்சேங்க. வாபஸ் வாங்கறதுக்கு உங்களுக்கு மனுவே இல்லீங்க."

"அப்பக் கண்ணாயி மனுவ எடுத்துருங்க."

"அதுக்கு அவுங்க நேர்ல வரோணுங்க."

"நேத்து நாந்தானுங்களே அங்க பதில் சொன்னேன்."

பாலசுப்பிரமணியம் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அப்படிச் சொல்லாதீங்கம்மா. ஆள் மாறாட்டம் பெரிய குத்தம். நான் காதுல வாங்கல. நீங்க ஊட்டுக்குப் போங்க."

தேர்தலன்று பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். ஓட்டுப்பெட்டி திறக்கப்படவில்லை. அதற்கு முன்பே பொன்னுவேல் மைக்கைப் பிடித்துப் போட்டியிலிருந்து விலகுவதாக அறிவித்தார்.

"இருவத்தோரு வருசமா தகுதியான ஒருத்தரைத் தேடினேனுங்க. கெடைச்சுட்டாங்க. இருநூத்தி எழுவத்தோரு நாள் உழைச்ச கை. ஒரு நாள்கூட எதுத்துப் பேசாத வாய். கூலி ஒசத்திக் கேட்டதில்ல, ஊடு ஒழுகுதுன்னு வந்து நின்னதில்ல. ஒரு சங்கத்துக்கு இதைவிட நல்ல உறுப்பினர் வேற யாருங்க? நம்ம சங்கத்தோட முதல் பெண் தலைவரா கண்ணாயி அம்மாவ நான் முன்மொழியறேன். அவுங்களுக்குச் சிரமம் குடுக்காம, செயல் தலைவரா இருந்து வேலையெல்லாம் நானே பாத்துக்கறேன்."

கண்ணாயியின் போட்டோ எதுவும் கிடையாது. அதனால் காலி நாற்காலிக்கு மாலை போட்டார்கள். நிர்வாகத்தின் சார்பில் மேனேஜரும் ஒரு மாலை போட்டார். தலைவர் நன்றியுரை ஆற்றுவதற்காக இரண்டு நிமிஷம் எல்லோரும் மௌனமாக உட்கார்ந்திருந்தார்கள். முடிந்ததும் கை தட்டினார்கள். ஆராயி கடைசி வரிசையில் இருந்தாள். அவளைச் சுற்றி நான்கு நாற்காலி தூரத்துக்கு யாரும் உட்காரவில்லை.

நான்காம் நாள் காலையில், வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், சங்க நிர்வாகிகள் கீழ் லயனுக்கு வந்தார்கள். பொன்னுவேல், பாலசுப்பிரமணியம், கூலி நோட்டோடு ரைட்டர் மரியஅந்தோணி, இன்னும் நான்கு பேர். ஒன்பதாம் நம்பர் வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு, லயனைக் காலி செய்யும் ஒப்பந்தத்தை அதன்மேல் விரித்தார்கள். பக்கத்தில் மைப் பெட்டியைத் திறந்து வைத்தார்கள்.

"வணக்கமுங்க தலைவரம்மா" என்றார் பொன்னுவேல். கண்ணு, சாமி எல்லாம் போய்விட்டிருந்தது.

"நான் தலைவர் இல்லீங்க. நான் ஆராயி."

"வாஸ்தவமுங்க. ஆனா பதினோரு வருசமா கண்ணாயி பேருக்கு நேரா கூலி நோட்டுல கைநாட்டு வெச்சது இந்தக் கைதானுங்களே? அவுங்க கைநாட்டுன்னு ஆபீசுல இருக்கறது இது ஒண்ணுதான்."

ஆராயி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. மாதையன் எழ முயன்றிருக்க வேண்டும். அவள் முகத்தில் அப்போது ஒரு தெளிவு வந்தது.

"சரிங்க. இது கண்ணாயி கைன்னா, நான் கண்ணாயி. கண்ணாயின்னா நாந்தான் தலைவர். தலைவர் சொல்றேன், இந்தப் பேப்பர்ல வெக்க மாட்டேன். லயன்ல ஒரு ஊட்டையும் காலி பண்ண மாட்டோம்."

பாலசுப்பிரமணியம் பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்து, பக்கம் தேடி, திரும்பப் பையில் வைத்துக்கொண்டார். பொன்னுவேலுக்குக் கோபம் வரவில்லை. படிக்காதவளுக்குப் பாடம் சொல்பவரைப்போல நிதானமாகச் சொன்னார்.

"நாங்க விசாரிச்சு முடிவு பண்ணியாச்சுங்க. தகுதி இல்லாதது உங்களுக்குத்தான். உங்க கட்டைவிரலுக்கு இருக்குது. நீங்க என்ன நெனைக்கறீங்கன்னு சங்கம் கேக்கலீங்க. விரலை மட்டும் கேக்குது."

அவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்தார். சுற்றி நின்ற பெண்களுக்குக் கேட்கும்படி, அவசரமில்லாமல் படிக்கத் தொடங்கினார். "பன்னெண்டு, இன்பமேரி."

இரண்டாவது பெயரை அவர் படிக்க வேண்டியிருக்கவில்லை. ஆராயியின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. ஜெயமேரியின் கை. அவள் அழுதுகொண்டிருந்தாள். "தகரக் கொட்டாயாவது மிஞ்சட்டும்கா. வேலையும் போச்சுன்னா எங்க போவோம்" என்று காதோடு சொல்லிக்கொண்டே இழுத்தாள். ஆராயி பலம் குறைந்தவள் அல்ல. ஆனால் இன்னும் இரண்டு கைகள் வந்தன, பிறகு நான்கு. அவளோடு ஒரே வரிசையில் பழம் பறித்த கைகள். நிர்வாகிகள் எவரும் அவளைத் தொடவில்லை. சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்பில் இது தனியாகப் பதிவாகியிருக்கிறது.

விரல் மைப் பெட்டியில் படிந்து, காகிதத்தில் படிந்தது. பாலசுப்பிரமணியம் பழைய கூலி நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியால் இரண்டையும் வெகுநேரம் ஒப்பிட்டார். இது தலைவர் கண்ணாயி அவர்களின் கைரேகைதான், சந்தேகத்துக்கு இடமில்லை என்று சான்றெழுதிச் சீல் வைத்தார்.

பொன்னுவேல் காகிதத்தை ஊதிக் காயவைத்தார். பிறகு ஒன்பதாம் நம்பர் வீட்டை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

"காலி பண்றத எந்த ஊட்லருந்து ஆரம்பிக்கறதுன்னு ஒரு யோசனை இருந்துச்சுங்க. தலைவர் ஊடே முதல்ல போனாத்தான் மத்தவங்களுக்கு ஒரு முன்மாதிரியா இருக்கும்."

அது ஏகமனதாக நிறைவேறியது. மாதையனைக் கட்டிலோடு வெளியே தூக்கி வைக்க நான்கு பேர் உள்ளே போனார்கள்.